இல்லாத பசு

புதிதாக நியமனம் பெற்று எங்கள் தீவுப் பக்கத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வரும் தம்பி தங்கச்சிமாரே, பாடக்குறிப்பு எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முப்பத்து நாலு வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவன் நான். இலக்கணத்தில் என்னை மடக்க ஊர்காவற்றுறை தொடக்கம் நயினாதீவு வரைக்கும் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் சொன்னார்கள். ஆனால் பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டால் ஒரு ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் ஒரு கலாசாலையும் எனக்குப் படிப்பிக்கவில்லை. ஆகவே இது என் பொறாமையின் கதை. வெட்கக்கேடுதான். ஆனாலும் உங்களுக்குப் பிரயோசனப்படும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு இரண்டு பிரிவு. இரண்டுக்கும் இடையில் சுவர் கிடையாது, ஆளுயரப் பலகைத் தட்டிதான். நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அந்த ரீச்சர் வந்து சேர்ந்தார். மடத்துவெளியில் இருந்து, கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி வழியாக ஸ்கூட்டரில் வருவார். வயது இருபத்தேழு இருக்கும். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஏற்கனவே இருக்கிற பெயரும் புகழும் காணும், அதை நானும் ஏன் கூட்டவேண்டும்?

அதுவரை இரண்டு பிரிவுக்கும் ஆங்கிலம் நான்தான். அதிபர் ஒன்றைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தார். எனக்கு வேலைப்பளு குறையும் என்றார். என் சாப்பாட்டுக் கோப்பையில் பாதியை வழித்து எடுத்துவிட்டு வயிறு பாரம் குறையும் என்று சொன்னதுபோல இருந்தது எனக்கு.

என் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பச்சை மட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. அதில் நாற்பது பந்திகள், எல்லாம் நானே எழுதியவை. என் பாடசாலை, என் நண்பன், ஒரு ரயில் பயணம், ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பிரியாவிடை என்று பரீட்சையில் வரக்கூடிய எல்லாத் தலைப்புக்கும் ஒவ்வொன்று. ஒரு காற்புள்ளி பிழைக்காது. பிள்ளைகள் பாடமாக்குவார்கள், பரீட்சையில் கொட்டுவார்கள், புள்ளி விழும். ஏழாவது பந்தி எங்கள் வீட்டுப் பசு. வெள்ளைப் பசு, நெற்றியில் மண்ணிறப் பொட்டு, பெயர் லட்சுமி, அவள் இல்லாமல் எங்கள் வீடு இல்லை.

ஒருமுறை ஆங்கில ஆசிரிய ஆலோசகர் வகுப்புப் பார்க்க வந்தார். வளர்ப்புப் பிராணியைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் அரைவாசிக்கு மேல் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆலோசகர் தாள்களைப் புரட்டிக்கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், இந்த வகுப்பிலை மட்டும் முப்பத்திரண்டு லட்சுமி நிக்குது. இவ்வளவு பாலும் எங்கை போகுது?"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சரியான கோபம். ஒரு பிழை காட்ட ஏலாமல் போனதால்தான் நக்கல் அடிக்கிறார் என்று என் மனுசியிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் ஏழாவது பந்தியை நான் மாற்றவில்லை.

ரீச்சர் வந்த முதல் மாதமே தட்டிக்கு அந்தப் பக்கம் கலகலப்புத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் எழும்பி நின்று பிழை பிழையாக ஆங்கிலத்தில் கதை சொல்கிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள், சொன்ன பிள்ளையும் சிரிக்கிறது. என் வகுப்பில் இறந்தகாலம் ஓடிக்கொண்டிருக்கும். என் பிள்ளைகளின் முகம் என்னைப் பார்த்திருக்கும், காது மட்டும் தட்டியில் ஒட்டியிருக்கும். இடைவேளையில் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றால் நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறுபக்கம் திரும்பி இருப்பேன். ஆசிரியர் அறையில் யாராவது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், "ஓம், சிரிக்கப் பண்ணுறது சுகம். சோதினை வரட்டும் பாப்பம்" என்பேன். யாரும் கேட்காமலே சொல்வேன்.

இதைவிட மோசமானதும் செய்தேன். லண்டனில் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பிய அகராதிகள் முப்பது என் பொறுப்பில் அலுமாரிக்குள் இருந்தன. ரீச்சர் வந்து கேட்டார்.

"சேர், அந்த டிக்‌ஷனரியளை ஒரு கிழமைக்குத் தருவீங்களோ?"

"அலுமாரித் திறப்பைக் காணேல்லை ரீச்சர். தேடிக்கொண்டிருக்கிறன்."

திறப்பு என் சேட்டுப் பையில் கிடந்தது. பேசும்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் எந்தப் பொருளில் ஆங்கிலம் கண்டாலும் பிய்த்துக்கொண்டு வரச் சொன்னார். பிள்ளைகள் சவுக்காரக் கடதாசி, பால்மாப் பெட்டி, காய்ச்சல் குளிசை மட்டை, இயந்திர எண்ணெய்ப் போத்தலின் சீட்டு, வள்ளத்துக்கு அடிக்கிற வர்ணப் பேணியின் சுற்று என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் சுவரில் ஏறியது. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அதை வைத்து ஒரு வசனம், எழுதிய பிள்ளையின் பெயருடன். இரண்டு மாதத்தில் சுவர் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு யார் வந்தாலும் அதிபர் முதலில் அந்தச் சுவரைத்தான் கொண்டுபோய்க் காட்டினார். நான் அலுமாரியைப் பூட்டியிராவிட்டால் அந்தச் சுவரே வந்திராது. அந்த நினைப்பு என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அடுத்த நாளே திறப்பு அகப்பட்டுவிட்டது என்று கொண்டுபோய் நீட்டினேன்.

"பரவாயில்லை சேர். பிறகு தேவைப்பட்டால் கேக்கிறன்" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

இனி விசயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்கு வேறொரு ராச்சியம் இருந்தது. சனிக்கிழமைகளில் மண்கும்பானில் என் வீட்டு விறாந்தையில் ஆட்கள் காத்திருப்பார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தாய் தகப்பன்மார். விசா விண்ணப்பத்தோடு வைக்க ஆங்கிலக் கடிதம் வேண்டும். காசு வாங்கமாட்டேன். ஒரு பார்சல் மீனோ முருங்கைக்காயோ குசினிப் பக்கம் போகும். பல வருடத்துக்கு முன் வேலணையில் கமம் செய்கிற குடும்பத்து அம்மா ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவவிடம் இரண்டு கறவைப் பசு இருந்தன. அவவைத் தவிர வேறு யார் போனாலும் பால் கறக்க விடாத மாடுகள். ஆகவே மகளைப் பார்த்துவிட்டு அவ திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று எழுதினேன். முதல் தரத்திலேயே விசா கிடைத்தது.

அன்றிலிருந்து அந்தக் கடிதம் ராசியான கடிதம் ஆகிவிட்டது. "அந்த வேலணை அம்மாவுக்கு எழுதின அதே கடிதம்தான் வேணும் மாஸ்ரர், ஒரு சொல்லும் மாத்திப்போடாதேங்கோ" என்று கேட்டு வாங்குவார்கள். நானும் பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன். மாடு இல்லாதவர்களுக்கு மாட்டை எடுத்துவிட்டுத் தென்னங்காணியையோ வள்ளத்தையோ வைப்பேன். மீதி எல்லாம் அதே. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் கடிதத்தின் ராசி, கிடைக்காவிட்டால் அவர்களின் விதி. எனக்கு வசதியான ஏற்பாடு.

ஒரு சனிக்கிழமை ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருந்து ஒரு தகப்பன் வந்தார். கடற்றொழிலாளி. அவருடைய மூத்த மகள் கனடாவில் கலியாணம் முடித்து முதற்பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தாள். அவளுடைய புருசனுக்கு இரவு வேலை. பக்கத்தில் ஒரு பெண் துணை இல்லை. தாயைக் கூப்பிட்டிருந்தாள். நடு மகள் அன்ரனீற்றா எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு, ரீச்சரின் பிரிவு. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். அப்போது லட்சுமியைப் பற்றி எழுதி நல்ல புள்ளி வாங்கியவள்.

தகப்பன் கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கடிதத்தைப் பெட்டையே எழுதிப்போட்டாள் மாஸ்ரர். நீங்கள் ஒருக்கால் கண்ணாலை பாத்துவிட்டால் காணும்."

வாங்கி வாசித்தேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என் அம்மா திரும்பி வருவா. வராவிட்டால் எங்களுக்குச் சரிவராது. அப்பா விடியமுன் கடலுக்குப் போவார். அவர் கரைக்கு வரும்போது மீன் விலை பேச அம்மா நிற்கவேண்டும். அப்பாவுக்கு விலை பேசத் தெரியாது, யாரும் பாவமாகக் கேட்டால் கொடுத்துவிடுவார். தங்கச்சிக்கு முட்டு இருக்கிறது, இரவில் மூச்சு இழுக்கும். அம்மா முதுகு தடவினால்தான் அவள் நித்திரை கொள்வாள். நான் தடவிப் பார்த்தேன், என் கை அவளுக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு இது முதற்பிள்ளை, பயப்படுகிறா. அதனால் அம்மாவை மூன்று மாதத்துக்கு அக்காவுக்கு இரவல் கொடுக்கிறோம். பிறகு எங்களுக்கு வேண்டும்."

பிழைகள் இருந்தன. பதினாலு. எண்ணினேன், வேறு என்ன செய்வேன்? ஆனால் முடித்ததும் முதலில் இருந்து இன்னொரு தரம் வாசித்தேன். முப்பத்து நாலு வருடத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளையும் இப்படி ஒரு பந்தி எழுதியதில்லை. என்னுடைய நாற்பது பந்தியிலும் இப்படி ஒன்று இல்லை. இது என்னிடம் லட்சுமியை ஒப்புவித்த அதே பிள்ளை. ஒரு வருடத்தில் இவள் அந்தப் பிள்ளையிடம் இதை எப்படிச் செய்வித்தாள்? மனதுக்குள் ரீச்சரை 'இவள்' என்று சொன்னேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நிமிடத்தில் அந்தப் பதினாலு பிழையையும் திருத்திக் கொடுத்திருக்கலாம். அந்தக் கடிதம் என் கடிதத்தைவிட நல்லது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

"பிள்ளைத்தனமா எழுதியிருக்கிறாள். இதை வெள்ளைக்காரனுக்குக் காட்ட ஏலாது. நான் எழுதித்தாறன்" என்றேன்.

தகப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்கடை கடிதம் எண்டால் ராசிதானே மாஸ்ரர்" என்றார்.

அவரை இருக்கவைத்துவிட்டு ஒரே மூச்சில் எழுதினேன். எனக்கு அவ்வளவு கோபம். பேனை தாளைக் கிழிக்காத குறை. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மடித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தட்டச்சு செய்வித்துக் கனடாவுக்கு அனுப்பினார். மருமகன் மற்றப் பத்திரங்களோடு சேர்த்து விண்ணப்பித்துவிட்டார். அன்ரனீற்றாவின் தாளைக் கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. பச்சைக் கொப்பிக்குள் செருகி வைத்தேன்.

சில கிழமைகள் போயின. ஒருநாள் இடைவேளையில் அன்ரனீற்றா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் தகப்பனின் கைத்தொலைபேசி.

"சேர், அம்மாவுக்கு விசா இல்லையெண்டு வந்திட்டுது. அவ திரும்பி வருவா எண்டு விசாக்காரருக்கு நம்பிக்கை இல்லையாம்."

"அப்படித்தான் பிள்ளை சிலவேளை போடுவாங்கள்" என்றேன்.

"அத்தான் உங்கடை கடிதத்தை வாட்ஸ்அப்பிலை அனுப்பினவர். வாசிச்சனான்." கைத்தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். "சேர், எங்களிட்டை மாடு இல்லை."

கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது பந்தியில் நின்றுகொண்டிருந்தன, வேலணை அம்மாவின் இரண்டு கறவைப் பசுக்களும். கோபத்தில் எழுதும்போது அவற்றை வெளியே விட மறந்துபோனேன். விண்ணப்பத்தோடு போனது வள்ளத்தின் படம், கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதம், இயந்திரத்தின் பத்திரம். அவ்வளவுக்கும் நடுவில், பால் கறக்க ஆள் இல்லை என்பதால் இந்தப் பெண் திரும்பி வருவா என்று என் கடிதம் சத்தியம் செய்கிறது. மறுப்புக் கடிதத்தில் மாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாட்டால்தான் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மேசையில் இருந்து யோசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வேலணை அம்மாவுக்கு அந்தக் கடிதம் சரிவந்ததற்கு ராசி காரணமில்லை. அவவிடம் அந்த மாடுகள் உண்மையாகவே இருந்தன.

"அத்தான் இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையிலை வேறை கடிதம் அனுப்பச் சொல்லுறார் சேர். விண்ணப்பத்தைத் திருப்பிப் போடப்போறாராம். அக்காவுக்கு நாள் கிட்டுது" என்றாள். பிறகு, "நான் எழுதினதைச் சேர் வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"நல்லாயில்லையோ?"

"நல்லா இருந்தது. அதாலைதான்."

அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று பாருங்கள். மாட்டை வெட்டிவிட்டு அதே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. கை அதற்குத்தான் முதலில் போனது. ஆனால் அவள் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்தப் பின்னேரத்துக்குள் ஒரு உண்மையான கடிதம். அதைச் சரியாக ஆக்க எனக்குத் தனியாக முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் தொட்டால் நாற்பத்தோராவது பந்தியாக்கிப்போடுவேன். பச்சைக் கொப்பிக்குள் இருந்து அவளுடைய தாளை எடுத்துக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். மூன்று வருடத்தில் அன்றுதான் முதல் தரம்.

"ரீச்சர், ஒரு உதவி வேணும்."

அவர் தாளை வாசித்தார். இது எப்படி உங்களிடம் வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

"எவ்வளவு திருத்தலாம் சேர்?" என்றார்.

"எல்லாத்தையும். பதினாலு இருக்கு."

"எல்லாத்தையும் திருத்தினால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எழுதினதெண்டு நம்பமாட்டினம். விளங்காத இடத்தை மட்டும் திருத்துவமே?"

என் சிவப்புப் பேனை விரலுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓம் என்றேன். விளங்காத இடம் ஒன்றும் இல்லை என்று ரீச்சர் சொன்னார். நான் இரண்டு இடத்தைக் காட்டினேன். அன்ரனீற்றா இறந்தகாலத்தில் எழுதியிருந்தபடி பார்த்தால் தாய் ஏற்கனவே கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டவபோல இருந்தது. விசா கொடுக்கிற ஆளுக்கு அதைவிடக் குழப்பம் வேறு வேண்டியதில்லை. ரீச்சர் திரும்ப வாசித்துவிட்டு, "ஐயோ, ஓம் சேர். நான் கவனிக்கேல்லை" என்றார். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கியது. ரீச்சரின் கண் காணாததை என் கண் கண்டது! பிள்ளையின் தாயின் விசா தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் புள்ளி எண்ணுகிறேன். ஆனாலும் இலக்கணம் தேவையில்லை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அந்த இரண்டு இடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பன்னிரண்டு பிழையும் அப்படியே இருக்க, அன்ரனீற்றா தன் கையால் திரும்ப எழுதினாள். பள்ளிக்கூடம் விடுமுன் படம் எடுத்து அனுப்பிவிட்டோம்.

ஆனால் குழந்தை விசாவுக்குக் காத்திருக்கவில்லை. சொன்ன நாளுக்கு முன்னமே பிறந்துவிட்டது. ரீச்சர்தான் வந்து சொன்னார். பெண்பிள்ளை, சுகம் என்றார். அன்று பின்னேரம் நான் அவர்களின் வீட்டுக்குப் போனேன். கடிதத்தில் மாட்டை எடுக்க மறந்ததைச் சொல்லிவிட்டு வரலாம் என்பதுதான் வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது இருந்த எண்ணம். தகப்பன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தாய் கதிரையைத் துடைத்து முன்னால் போட்டா.

"இருங்கோவன் மாஸ்ரர். தேத்தண்ணி ஊத்துறன்."

"இருக்கட்டும்" என்றேன். இருக்கக் கால் மடங்கவில்லை.

"பிள்ளையை வீடியோவிலை காட்டினவள். தலை நிறைய மயிர்" என்றா தாய். "வலியிலை அம்மா அம்மா எண்டு கத்தினவளாம். மருமகன் சொன்னவர். ஆர் அம்மா எண்டு அங்கை நேர்ஸ்மார் கேட்டவையாம்."

அவ என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. மனதில் கிடந்ததைச் சொன்னா. அதற்குப் பிறகு மாட்டை மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடியவில்லை.

"பெட்டை எழுதின கடிதம் நல்ல கடிதம். அதைத்தான் முதலே அனுப்பியிருக்கவேணும். நான்தான் மாத்தினனான். பிழை என்ரை."

தகப்பன் வலையில் இருந்து கையை எடுத்தார். "நல்லதெண்டால் ஏன் மாஸ்ரர் மாத்தினனீங்கள்?"

"பொறாமை."

"ஆரிலை?"

"பெட்டையின்ரை ரீச்சரிலை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தச் சின்னப் பிள்ளையிலையோ?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. என்னை அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திராது. தாய் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தா. நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன். அன்ரனீற்றா தூணில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கடிதத்துக்கு விசா கிடைத்தது. தாய் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்குப் பத்தொன்பது நாள். மூன்று மாதம் நின்றுவிட்டு, சொன்ன சொல் தப்பாமல் திரும்பி வந்தா. கரையில் நின்று மீனுக்கு விலை பேசினா. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திப்போன அந்த நாட்களை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவை என் கணக்கில்தான் கிடக்கின்றன.

அந்த வருட முடிவில் நான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டு மேடையில் இருத்தினார்கள். மாணவர் தலைவன் வந்து ஆங்கிலத்தில் உரையைத் தொடங்கினான். முதல் வசனத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பச்சைக் கொப்பி, முப்பத்தேழாவது பந்தி. ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பிரியாவிடை. நான் எழுதியது. அவர் அறிவின் தீபம், அவர் எங்கள் தந்தை போன்றவர். நடுவில் பெடியனுக்கு ஒரு வரி மறந்து போய்விட்டது. பரிதாபமாக என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வரியை மேடையில் இருந்தபடி நானே எடுத்துக் கொடுத்தேன். என் புகழை நானே சொல்லிக்கொடுக்க, அவன் ஒப்புவித்து முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ரீச்சரும் தட்டினார். அவர் சிரித்தாரா என்று உற்றுப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அன்ரனீற்றா ஒரு மடித்த தாளைக் கையில் தந்துவிட்டுப் போனாள். வாகை மரத்துக்குக் கீழே நின்று பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பந்தி.

"சேர் ஒரு பிழை விட்டார். அதனால் என் அக்கா அம்மா இல்லாமல் பிள்ளை பெற்றா. நான் சேரோடு நிறையக் கோபம். பிறகு சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வரும் பெரிய ஆட்கள் கதிரையில் இருந்துகொண்டுதான் பேசுவார்கள், அப்பாவும் அம்மாவும் நிற்பார்கள். சேர் நின்றுகொண்டு பேசினார். அப்பா சிரித்தபோதும் போகாமல் நின்றார். அன்றைக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. எங்களிடம் இன்னும் மாடு இல்லை."

ஐந்து பிழைகள். கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய்ச் சிவப்புப் பேனையைத் தொட்டது. அப்படியே விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றபோது ரீச்சர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சேர், அன்ரனீற்றா என்ன எழுதித் தந்திருக்கிறாள்? எனக்கும் காட்டேல்லை. ஒருக்கால் வாசிக்கத் தாங்கோவன்."

அவரிடம் ஒரு சுவர் நிறைய வசனங்கள் இருக்கின்றன. வருடாவருடம் பிள்ளைகள் எழுதிக் குவிக்கிற பந்திகள் இருக்கின்றன. என்னிடம் இருந்தது இந்த ஒன்று. தாளை நாலாக மடித்து, ஒருகாலத்தில் அலுமாரித் திறப்பை வைத்திருந்த அதே பைக்குள் வைத்தேன்.

"அது எனக்கு எழுதினது ரீச்சர்" என்றேன்.

அவர் இன்றைக்கும் கண்ட இடத்தில் கேட்கிறார். நான் இன்னும் காட்டவில்லை.